பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறீங்களா? முதலில் டீச்சரிடம் கேளுங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனால் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சரைப் பார்க்கலாம். கையில் செல்போன், அதில் இன்னொரு பள்ளி டீச்சர் வாட்ஸப்பில் அனுப்பிய படங்கள், அம்மி, ஆடு, இலை, ஈட்டி. "இது கலர்ல நாலு, இது பிளாக் அண்ட் ஒயிட்ல இருபத்தெட்டு" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து சொந்தக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பில் கேட்கமாட்டார். வாரத்துக்கு இரண்டு முறை பில் வாங்கி யாரிடம் நீட்டுவது?

அந்தக் காசை ஊர் கொடுக்கலாம். கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்ன கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்பதில்தான் தடுமாறிப்போகிறோம். நாங்கள் படித்த தொடக்கப்பள்ளிக்குப் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சில வருடங்களாகப் பொருள் வாங்கிக் கொடுத்துவருகிறோம், அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நாங்கள் செய்தது தப்பு. யாரையும் கேட்காமல் முப்பது புத்தகப்பை வாங்கிக்கொண்டு போனோம். பிள்ளைகளுக்கு அரசாங்கப் பை ஏற்கெனவே வந்திருந்தது. ஹெச்.எம். முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார், நன்றியும் சொன்னார். நாலு மாதம் கழித்துப் போனபோது அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காமல் பீரோ மேலே இருந்தது. அதே நாள், அதே வகுப்பில், டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு உருண்டை சோறு வாங்கிவந்து, அதை விரலால் மசித்து, எழுத்து அட்டையைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். பசை தீர்ந்து பத்து நாளாகிவிட்டதாம். ஒரு டப்பா பசை என்ன விலை, முப்பது பை என்ன விலை! அன்றைக்குத்தான் எங்களுக்குப் புத்தி வந்தது.

அரசு கொடுப்பதை நீங்கள் கொடுக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி எல்லாம் விலையில்லாமல் கிடைக்கிறது. வகுப்புக்குத் தக்கபடி கிரேயான், வண்ணப் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸும் வரும். ஆனால் நன்கொடை என்றதும் நம் மனசுக்கு முதலில் தோன்றுவதும் இதே பட்டியல்தான். சில வருடம் ஏதாவது ஒன்று வரத் தாமதமாகலாம், அப்போது ஹெச்.எம். சொன்னால் வாங்கிக்கொடுங்கள், மற்றபடி இந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வரும் பொருளுக்குக் குறைவில்லை, குறைவதெல்லாம் டீச்சர் கையில் இருக்கவேண்டிய பொருள்தான். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா விதிப்படி பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் வருடத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 பேர் வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. நம் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் பல முதல் படியிலேயே நிற்பவை. அந்தப் பத்தாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்கு என்று போய்விடும், மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், பூட்டு, விளக்குமாறு எல்லாம். வகுப்பறைக்குள் வந்துசேருவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு முன்பைவிடக் கூடியும் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு சின்ன வகுப்புகளில் பாடம் ஆடல் பாடல், கதை, முகமூடி, விரல் பொம்மை, அட்டை விளையாட்டு என்று போகிறது, பிள்ளைகளும் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப உட்காருகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம், என் அக்கா மகள் அப்படித்தான் படித்தாள், மூன்றாம் வகுப்பில் கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்து வாசித்தாள். ஆனால் மூன்று நிலைக்கும் மூன்று விதமான அட்டை வேண்டும், அதை வெட்டி ஒட்டித் தயார் செய்யப் பொருள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், அதாவது ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கையில் செய்ய ஏதாவது இருந்தாக வேண்டும் இல்லையா? அந்த "ஏதாவது"தான் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டியது.

கேட்பது எப்படி

நேராக வகுப்பு டீச்சரிடம் போகாதீர்கள். முதலில் ஹெச்.எம்.மைப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டமே. அவர்களில் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். வகுப்பு நடக்கும்போது போய் நிற்க வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு போனால் நிதானமாகப் பேசலாம்.

போய் உட்கார்ந்து, "என்ன டீச்சர் வேணும்?" என்று கேட்டீர்களானால் வரும் பதில் எனக்கு இப்போதே தெரியும். "ஒண்ணும் வேணாம் தம்பி, எல்லாம் இருக்கு." நானும் அதைக் கேட்டுத்தான் முதல் இரண்டு தடவை திரும்பி வந்தேன். கூச்சம் ஒரு பக்கம், "டீச்சர் ஊர்க்காரங்ககிட்ட கை நீட்டுறாங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன, அனுமதி இல்லாமல் அவர்கள் பொதுமக்களிடம் வசூல் செய்யக் கூடாது. அதனால் அவர்கள் வாயால் கேட்க வைப்பது சரியில்லை. கேள்வியை மாற்றுங்கள்.

"போன மாசம் உங்க கைக்காசுல என்னென்ன வாங்கினீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். எங்கள் பள்ளி டீச்சர் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, மேசை டிராயரைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாதி தீர்ந்த ஸ்கெட்ச் பேனா, நுனி நசுங்கிய மார்க்கர், ஒரு சுற்று மட்டும் மிச்சமிருந்த செல்லோ டேப், பிடி உடைந்து நூல் சுற்றிய கத்தரிக்கோல் (இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான்). அடுத்த கேள்வி, "எது சீக்கிரம் தீருது?" மூன்றாவது, "ஒரு பொருள் கூடுதலா இருந்தா வகுப்பில என்ன செய்வீங்க?" இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் செய்யும் அட்டைகளை லேமினேட் பண்ணி வைத்தால் அடுத்த வருடப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம், எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்துவிடலாம், அதன்மேல் மார்க்கரில் எழுதி எழுதி அழிக்கலாம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். அதுவரை எங்கள் பட்டியலில் லேமினேஷன் என்ற சொல்லே கிடையாது.

சொன்னதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள், அளவோடு. வெறும் "சார்ட்" என்று எழுதிவைத்தால் கடையில் போய் முழிப்பீர்கள். வெள்ளையா, கலரா, எத்தனை, கெட்டி அட்டையா மெல்லியதா. இந்த ஐந்து நிமிடத்தில் சுணங்கினால் பிறகு பணம் வீணாகும்.

கடையில் ஒரு பற்று நோட்டு

நாங்கள் செய்ததில் ரொம்பப் பலன் கொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கொண்டுபோய் இறக்கினால் ஜூனில் பொருள் குவியும், செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்குள் முக்கியமானது தீர்ந்துபோகும், தேவையில்லாதது அப்படியே கிடக்கும். டீச்சருக்குப் பொருள் வேண்டியது நாளைக் காலைக்கு. அதை முன்கூட்டியே யாரும் கணிக்க முடியாது. எங்கள் வீட்டில் மளிகைக்குப் பற்று வைத்திருக்கிற மாதிரி பள்ளிக்கும் வைத்தால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்டேஷனரி கடையில் பேசினோம், அவரே ஜெராக்ஸும் போடுபவர். மாதம் 800 ரூபாய் வரைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், நோட்டில் எழுதுங்கள், மாசக் கடைசியில் நாங்கள் அடைத்துவிடுகிறோம் என்று. ஏழு பேருக்கு ஆளுக்கு நூற்றுச் சொச்சம், பெரிய சுமை இல்லை.

அதற்குச் சில ஏற்பாடு வேண்டும். ஹெச்.எம். ஒப்புக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானம் எழுதிவிட வேண்டும். பள்ளியில் இரண்டு பேர் மட்டும் நோட்டில் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டோம். மாசக் கடைசியில் கடைக்காரர் பில் போட்டுக் கொடுப்பார், நாங்கள் நேரே கடைக்குப் பணம் அனுப்புவோம், பில்லின் நகல் பள்ளிக்குப் போகும், அங்கே இருப்புப் பதிவேட்டில் ஏறும். டீச்சர் கையில் ஒரு ரூபாயும் புழங்காது. இது உங்களுக்கும் நல்லது, அதைவிட அவர்களுக்கு நல்லது, நாளைக்கு யாராவது ஏதாவது பேசினால் காட்டுவதற்குக் காகிதம் இருக்கும்.

முதல் மாதம் பற்று 140 ரூபாய்தான் வந்தது. கூச்சம். இரண்டாவது மாதம் 200 சொச்சம். நாங்கள் போய் எதுவும் சொல்லவில்லை, கடைக்காரர்தான் ஒருநாள் டீச்சரிடம், "அம்மா, அவங்க குடுக்கத்தான் போறாங்க, நீங்க எடுத்துக்கங்க" என்றிருக்கிறார். அதிலிருந்து சரியாகிவிட்டது. 800-ஐத் தாண்டிய மாதமும் உண்டு, ஆண்டு விழாவுக்கு முன்னால்.

பணம் பெரிதாக இருந்தால்

கதவு, பெஞ்சு, சுவர்ப் பெயின்ட் என்று செலவு ஆயிரங்களைத் தாண்டினால் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகப் போவதே நல்லது. 2022 டிசம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம், அதன் இணையதளத்தில் பள்ளிகள் தங்கள் தேவையைப் பதிவு செய்திருக்கும், நீங்கள் படித்த பள்ளியையே தேடி எடுத்து அதற்கென்று கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனிப் பதிவு இருக்கும் அமைப்புகள்தான் வாங்க முடியும், உங்கள் வாட்ஸப் குழுவின் கணக்கில் வாங்காதீர்கள்.

வாங்கும்போது

விலை ஊருக்கு ஊர் மாறும், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளும் அட்டையும் மொத்தமாக வாங்கலாம், அந்தத் தெருவே அதற்குத்தான். மற்றவர்கள் உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள், காரணம் பொருளில் குறை இருந்தால் டீச்சரே போய் மாற்றிக்கொள்ளலாம்.

மலிவு மார்க்கர் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் நுனி மழுங்கியதாக இருக்கட்டும், இடது கைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு அவர்களுக்குத் தனியாக வாங்குங்கள் (எங்கள் பள்ளியில் மூன்று பேர், அதுவரை யாரும் கேட்டதில்லை). லேமினேஷன் மெஷின் ஒரு பள்ளிக்கு ஒன்று தேவையில்லை, பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் மூன்றுக்குச் சேர்த்து ஒன்று வாங்கி ஒரு இடத்தில் வைத்தால் போதும், அதில் போடும் பிளாஸ்டிக் உறையை (பவுச்) மட்டும் அவரவர் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம். பிரின்டர் வாங்கித்தருகிறேன் என்று யாராவது முன்வந்தால், மை யார் வாங்குவது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். மை இல்லாமல் மூலையில் கிடக்கும் பிரின்டரை நான் நிறையப் பள்ளிகளில் பார்த்துவிட்டேன்.

காசில்லாமல் கொடுப்பவை

நன்கொடை என்றால் பணம் இருப்பவர் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் ஊரில் அதிகம். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, அதுவும் டீச்சர்கள் ரொம்ப விரும்பும் வழி.

கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொரு வீட்டிலும் பீரோவுக்குள் ஒரு கட்டு இருக்கும். நல்ல கெட்டி அட்டை, வெட்டினால் எழுத்து அட்டைக்குக் கச்சிதம். தை, ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று வந்தால் இரண்டு மூட்டை சேரும். சாமி படம் போட்டதை வெட்டச் சிலருக்கு மனசு வராது, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தினசரி காலண்டர். கிழித்துப்போட்ட தாளில் தேதி எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்கள். 1 முதல் 31 வரை எண் அட்டை தயார். பிள்ளைகள் அதை வரிசையாக அடுக்குவார்கள், ஒற்றை இரட்டை பிரிப்பார்கள், இரண்டை எடுத்துக் கூட்டுவார்கள். மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும், சார்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் புளியங்கொட்டை, சோடா மூடி, உடையாத பழைய வளையல், ஐஸ் குச்சி, தையல் கடையில் விழும் துண்டுத் துணி, தச்சுப் பட்டறையில் மிஞ்சும் சின்னச் சின்னக் கட்டைகள். விழா முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தில் பெரிதாகப் பரமபதம் வரைந்தால் பிள்ளைகளே காயாக நின்று ஆடலாம். எங்கள் ஊரில் ஒரு பாட்டி புளி அடித்து முடித்ததும் கொட்டையைக் கழுவிக் காயவைத்து, நூறு நூறாக எண்ணிப் பழைய சேலைத்துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்பினார். பத்து முடிச்சு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆயிரம் என்றால் எவ்வளவு என்று அதைப் பரப்பிவைத்துத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் வேண்டாததையெல்லாம் தள்ளிவிடும் இடமாகப் பள்ளியை ஆக்கிவிடாதீர்கள். கால் ஆடும் நாற்காலி, ஓடாத கம்ப்யூட்டர், யாரும் படிக்காத தடித்த புத்தகம் எதுவும் வேண்டாம். அதை வெளியே தூக்கிப்போட ஹெச்.எம்.முக்கு மனசும் வராது, வைக்க இடமும் இருக்காது.

சீர் கொண்டுபோகும்போது

பள்ளிக்குச் சீர் கொண்டுபோகும் வழக்கம் இப்போது நிறைய ஊர்களில் இருக்கிறது, கல்விச்சீர் என்கிறார்கள். கோயிலில் இருந்து மேளதாளத்தோடு கிளம்பி, பெண்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு சார்ட்டும் பென்சிலும் வைத்து ஏந்தி வர, பின்னால் நாற்காலி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், குடம், பக்கெட் என்று ஊரே நடந்து வரும். எனக்கு அதைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். 1950களின் கடைசியில், காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊர் மக்களிடமிருந்தே பெஞ்சும் கரும்பலகையும் வரைபடமும் கட்டடமும் பெற்றார்கள். நம் தாத்தாக்கள் செய்ததைத்தான் நாம் தாம்பாளத்தில் வைத்துச் செய்கிறோம்.

காமராஜர் பிறந்த ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள், இதற்குப் பொருத்தமான நாள். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், டீச்சருக்கும் இந்த வருடத் தேவை பிடிபட்டிருக்கும். இரண்டு வாரம் முன்னால் டீச்சரின் பட்டியலை வாங்கி, வீட்டுக்கு வீடு பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு கடிகாரம் வந்து சேரும். மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டும் போடுங்கள், ஆனால் தொகையை எழுதவோ மைக்கில் வாசிக்கவோ வேண்டாம், பொருளை மட்டும் எழுதுங்கள். "இன்னார் வீடு, விளக்குமாறு இரண்டு. இன்னார் வீடு, மின்விசிறி ஒன்று." ஒரே வரிசையில், ஒரே எழுத்தில்.

புகைப்பட விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கை நீட்ட வைத்துப் படம் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும், வளர்ந்து அந்தப் படத்தை அவனும் பார்ப்பான். பொருளை ஹெச்.எம். மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். படம் வேண்டுமென்றால் பள்ளியையும் ஊர்க்காரர்களையும் எடுங்கள்.

ஏப்ரலில் ஒரு நாள்

கொடுத்ததைப் பாதுகாப்பதற்கும் ஆள் வேண்டும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டினால் எலியும் கரையானும் வந்துவிடும், ஒரு வருடம் உட்கார்ந்து செய்த அட்டையெல்லாம் ஜூனில் தூளாகக் கிடக்கும். கடைசி வேலைநாளன்று இரண்டு பேர் போய் டீச்சருக்குக் கைகொடுங்கள். லேமினேட் பண்ணிய அட்டைகளைப் பாடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், காய்ந்த வேப்பிலை இரண்டு கை போடுங்கள். சார்ட்டை மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் கிழியும். சுருட்டி, நாலு அங்குலப் பிவிசி பைப்புக்குள் செருகி இரண்டு பக்கமும் மூடி போட்டுவிட்டால் எலி தொடாது. கட்டட வேலை நடக்கும் வீட்டில் பிளம்பரைக் கேட்டால் மிச்சத் துண்டு பைப் சும்மாவே கொடுப்பார், மூடி மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பைப்பின் மேலே எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று மார்க்கரில் எழுதி, தரையில் போடாமல் பரண் மேலே படுக்கவைத்துவிடுங்கள்.